மூக்கிற்குச் செலுத்தும் தண்ணீர்

 

சற்று முன் உளூச் செய்தீர்களே, அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மண்ணிலும் வெதுவெதுப்பான நன்னீரிலும் தானாக வாழும் அமீபாக்கள் உண்டு. அவற்றில் ஒன்று நெய்க்லேரியா ஃபவுலேரி. இந்தத் தண்ணீரைக் குடித்தால் அந்த நோய் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் மூக்கின் மேல்பகுதிக்குப் போய்விட்டால், வாசனையை உணரும் நரம்பின் வழியே மூளைக்கு ஏறிவிடும். தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு. நோய் கண்டவர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

கராச்சியில் 2012-இல் பலர் இந்த நோயில் மௌத்தானார்கள். பெரும்பாலோர் நீந்தப் போனவர்கள் அல்ல. குளோரின் போதாத குழாய்த் தண்ணீரில் உளூச் செய்ததுதான் காரணமாக இருக்கும் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். தொழுகைக்குத் தயாரானவர்கள், சகோதரர்களே! பக்கத்துக் கேரளாவிலும் 2024-லிருந்து அமீபா மூளைக்காய்ச்சல் செய்திகள் வருகின்றன. கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். சீக்கிரம் கண்டுபிடித்ததே அதற்கு முக்கியக் காரணம்.

"அப்படியானால் சுன்னத்தை விடச் சொல்கிறீர்களா ஹஜ்ரத்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபமாகக் கேட்டார். இல்லை பாவா. மூக்கிற்கு நன்றாக நீர் செலுத்தும்படி லகீத் பின் ஸபிரா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னபோதே, நோன்பாளியாக இருந்தால் அப்படிச் செய்ய வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னார்கள். ஆக, தண்ணீர் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது நிலைமையைப் பொறுத்தது. இன்னொரு சம்பவம். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. சலுகை கிடையாது என்று தோழர்கள் சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்தார். செய்தி கேட்ட நபியவர்கள், அவரைக் கொன்றது அவர்கள்தான் என்று கடிந்துகொண்டார்கள். அபூதாவூதில் வருகிறது. "ஒன்றும் ஆகாது, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கிற்கு மட்டும், கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரை ஒரு சொம்பில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் மேல்தொட்டித் தண்ணீர் சுடும், அப்போது கூடுதல் கவனம் வேண்டும். கண்ணில் லென்ஸ் போடும் பிள்ளைகள் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது. அகந்தமீபா என்ற வேறொரு அமீபா கருவிழியைக் கெடுத்துவிடும். தயம்முமுக்கு இதனால் பயம் வேண்டாம். அதில் மண்ணை முகத்திலும் கையிலும்தான் தடவுகிறோம், மூக்கில் உறிஞ்சுவதில்லை.

இனி நம் குறை. நம் பள்ளியின் தொட்டியைக் கடந்த ரமளானுக்குப் பிறகு யாரும் கழுவவில்லை. நானும் அதில்தான் தினமும் உளூச் செய்தேன், கேட்கவில்லை. ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் ஹவுளையும் மேல்தொட்டியையும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போடுகிறோம். இளைஞர்கள் பத்துப் பேர் வேண்டும். தொழுகை முடிந்ததும் மோதினாரிடம் பெயர் கொடுங்கள்.