பொது நிதியும் தனிக் காப்புறுதியும்

ஜேர்மனியிலே பொறியியலாளராக உத்தியோகம் பார்க்கும் நமது பழைய மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி எழுதியனுப்பினார். சம்பளம் உயர்ந்துவிட்டது, பொது நோய்க் காப்புறுதியை விட்டுத் தனியார் காப்புறுதிக்கு மாறச் சட்டம் இனி இடந்தருகிறது, மாறுவது குற்றமா? கணக்குக் கேள்விபோலத் தோன்றினும் இதனை அறக் கேள்வியாகவே நாம் கொள்கிறோம்.

தொழிலாளர்க்கான நோய்க் காப்புறுதிச் சட்டம் அந்நாட்டில் 1883ஆம் ஆண்டில், பிஸ்மார்க் காலத்தில் இயற்றப்பட்டது. வெறுங் கருணையினால் அன்று. தொழிலாளர் சோஷலிஸ்டுகள் பக்கம் சாய்ந்துவிடுவர் என்ற அச்சம் அதனுள் இருந்தது. நோக்கம் எதுவாயினும் அதிலிருந்து வளர்ந்த கொள்கை பெரிது. அவரவர் வருமானத்துக்கேற்பக் கொடுப்பர். அவரவர் நோய்க்கேற்பச் சிகிச்சை பெறுவர். இன்று சம்பளத்தில் 14.6 வீதம் அடிப்படைக் கட்டணம். அதன்மேல் ஒரு மேலதிகக் கட்டணம். இரண்டிலும் பாதி முதலாளியுடையது. வருமானமில்லாத மனைவியும் பிள்ளைகளும் தனிக் கட்டணமின்றி அதனுள் அடங்குவர். மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் இம்முறையில் இருக்கின்றனர். (ஒரு வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்குக் கட்டணம் ஏறுவதில்லை. செல்வருடைய தோழமை அந்த வரம்போடு நின்றுவிடுகிறது!)

இக்கூரைக்கு ஒரு வாசல் உண்டு. ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டுகின்ற ஊழியர் அதன் வழியே வெளியேறலாம்; 2025இல் அவ்வரம்பு 73,800 யூரோவாக இருந்தது. தனியார் கம்பனி வருமானத்தைக் கேட்பதில்லை. வயதையும் நோயையும் கேட்கிறது. முப்பது வயதுச் சுகதேகிக்குக் கட்டணம் மலிவு. நீரிழிவுக்காரருக்கு அது கூடும். சாதாரணத் திட்டங்களில் இடமே கிடையாமலும் போகலாம். தனியார் நோயாளியிடம் வைத்தியர் கூடிய கட்டணம் அறவிட முடியும். ஆகவே விசேட வைத்தியரைக் காணும் நாளும் அவருக்கு விரைவிற் கிடைக்கிறது.

"யாரோ புகைத்துக் கெடுத்த நெஞ்சுக்கு நான் ஏன் பணங்கட்ட வேண்டும்?" என்று மாணவர் கேட்கிறார். அவர் களவு செய்யவில்லை, சட்டத்தை மீறவுமில்லை. ஆயினும் இளமையும் உடல்நலமும் உயர்ந்த சம்பளமும் உடையவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, எஞ்சியிருப்போர் யார்? முதியோர், நோயாளர், குறைந்த சம்பளக்காரர். சுமை அப்படியே இருக்கிறது; தோள்கள் குறைகின்றன. கூடிய கட்டணத்தினால் வைத்தியசாலைகள் பிழைக்கின்றன என்பார் வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அக்கட்டணமே வரிசையை வளைக்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

எல்லோரையும் ஒரே கோலால் அளத்தல் தகாது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து புதிதாகச் சென்று சுயதொழில் செய்வோருக்குப் பெரும்பாலும் பொதுக் காப்புறுதியில் இடமில்லை. அவர்கள் தனியாரிடம் போவது தெரிவன்று, நிர்ப்பந்தம். நம் மாணவருக்கோ இரு வழியும் திறந்திருக்கின்றன.

இவ்வாறு எழுதும் நாமும் குற்றமற்றவரல்லர். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கின்ற வைத்தியரையே மாலையில் பணங்கொடுத்துத் தனியார் நிலையத்திற் பார்த்திருக்கிறோம். காலை வரிசையில் நின்றவர்களை அன்று நினைத்தோமா? இல்லை. காய்ச்சலைத்தான் நினைத்தோம். ஆகவே மாணவரை ஏச நமக்கு உரிமையில்லை. அவரோடு சேர்ந்து சிந்திக்கும் கடமையே உண்டு.

1983க்குப் பின் நம்மவர் பலர் அந்நாட்டுக்கு அகதிகளாகச் சென்றனர். மாணவரின் மாமா அவர்களுள் ஒருவர். வதிவிட உரிமை பெற்று, உணவகத்திற் பாத்திரங் கழுவிய சம்பளத்தில் அவர் கட்டிய பணம் சொற்பம். பின்னர் அவருக்கு நடந்த இருதய சத்திரசிகிச்சையின் செலவு அதனைப்போலப் பன்மடங்கு. மிகுதியைக் கொடுத்தவர்கள் அவர் முகமறியாத தொழிலாளர்கள்.

இதனையே மாணவருக்கு எழுதினோம். ஐம்பத்தைந்து வயதுக்குப் பின் பொதுக் காப்புறுதிக்குத் திரும்பும் வழி அநேகமாக அடைபட்டுவிடும் என்பதையும் சேர்த்தோம். அது அறத்தைப் பற்றியதன்று, அவருடைய சொந்த நலத்தைப் பற்றியது. முடிவு செய்யுமுன் ஒருமுறை மாமாவோடு இருந்து பேசும்படி கேட்டிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை.