கோள் அல்ல, சாட்சி

முதலாண்டு மாணவிகளிடம் கேட்டேன்: "பள்ளிச் சுவரில் 1098, 14417 என்ற எண்களைப் பார்த்திருக்கிறீர்களா?" எல்லோரும் கை தூக்கினார்கள். "யாராவது கூப்பிட்டிருக்கிறீர்களா?" ஒரு கையும் உயரவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "கூப்பிட்டா கோள் சொன்ன மாதிரி ஆயிடும் மேம்."

அந்தச் சொல் என்னை விடவில்லை. அடிப்பவருக்கும் அத்துமீறுபவருக்கும் ஊர் பெயர் வைப்பதில்லை. அதை வெளியே சொன்னவளுக்கு மட்டும் 'கோள்மூட்டி' என்று பெயர் வைக்கிறது. குறளில் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் உண்டு, வாய்மைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு நாம் ஊட்டியது முதலாவதைத்தான். பிறருக்குத் தீமை தராத சொல்லே வாய்மை என்கிறார் வள்ளுவர். தீமையைப் பார்த்த பிறகும் காக்கும் மௌனத்தை அப்போது எதில் சேர்ப்பது?

ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவளை, நோட்டுத் திருத்தும் சாக்கில் ஓர் ஆசிரியர் தொடுவார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். இருவரும் பேசவில்லை. அரையாண்டு விடுமுறைக்குப் பின் அவள் வரவில்லை. அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள் என்பதும், படிப்பை நிறுத்தியதே வீடு கண்ட தீர்வு என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் அதே பள்ளியில் தொடர்ந்து பாடம் நடத்தினார்.

ஆகவே, 'பயப்படாமல் பேசு' என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1098 சேவை 1996இல் மும்பையில் தெருவோரக் குழந்தைகளுக்காகத் தொடங்கியது. பொதுத் தொலைபேசியிலிருந்து காசில்லாமல் அழைக்கலாம். இன்று அந்தத் தொலைபேசிகள் இல்லை. வீட்டுப் பெண்ணுக்கு எட்டக்கூடிய ஒரே போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பதும் அழைக்க முடிவதும் ஒன்றல்ல.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாதவருக்குத் தண்டனை உண்டு. நிறுவனப் பொறுப்பாளர் தனக்குக் கீழிருப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆனால் சொல்லாமல் இருந்த குழந்தையை அது தண்டிப்பதில்லை. துணிச்சல் குழந்தையின் கடமை அல்ல, நம்முடையது. ஒன்பதாம் வகுப்புச் சிறுமியாகிய என்னை அந்த வரி மன்னிக்கிறது. இன்று வகுப்பில் நிற்கும் என்னை மன்னிப்பதில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் வேறொரு மாணவி தயங்கி நின்றாள். வயது பதினேழு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லட்டுமா மேம்?"

'சரி' என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிறகு மீறுவது இன்னொரு துரோகம். மீறாமல் இருப்பது அதைவிடப் பெரியது. "அந்த வாக்கை என்னால தர முடியாதும்மா. ஆனா நீ சொன்னதுக்காக உன் படிப்பு நிக்க விடமாட்டேன். எங்க போனாலும் கூட வருவேன்" என்றேன்.

"யோசிச்சிட்டு வர்றேன் மேம்" என்று போய்விட்டாள்.

மறுநாள் காலை நானே அவளைத் தேடிப் போனேன். சாட்சி, அழைப்புக்காகக் காத்திருக்கக் கூடாது.