தெருவிற் காணுங் காட்சியும் சிறார் உள்ளமும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சைவ சித்தாந்தத் துணிபு. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன் நிறம்போற் காட்டுமாறு, உயிரும் மலத்தைச் சார்ந்துழி இருளாயும், திருவருளைச் சார்ந்துழி ஒளியாயும் நிற்கும். அறிவு முதிர்ந்தோர் சாரத்தக்கது இது, தகாதது இது எனப் பகுத்து விலகுதல் கூடும். சிறார்க்கு அப்பகுத்தறிவு இன்னும் முதிர்ந்திலது. ஆதலின் அவர்தங் கண்முன் நிறுத்தப்படும் பொருள் யாது என்னும் வினா, பெரியோர் தலைமேல் ஏறிய கடனாம்.

தாம்பரத்தை நோக்குக. அவ்வூர் 2021-ஆம் ஆண்டு நவம்பரில், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய அயலூர்களோடு இணைந்து 70 வட்டங்கள் கொண்ட மாநகராட்சி ஆயிற்று. அதனூடே செல்லும் ஜி.எஸ்.டி. சாலை வழியாகவும், 1931 முதல் மின்சார இரயில் ஓடும் இருப்புப்பாதை வழியாகவும் சிறார் நாடோறும் பள்ளி செல்கின்றனர். வீட்டிலுள்ள தீய நூலை மூடிவைக்கலாம், தொலைக்காட்சியை நிறுத்தலாம். பள்ளிக்குச் செல்லும் வழியில் உயர்ந்து நிற்கும் பலகையைப் பெற்றோர் எங்ஙனம் மூடுவர்? வயது வந்தோர்க்கே உரியதெனச் சான்றளிக்கப்பட்ட படத்திற்குச் சிறாரைக் கொட்டகை வாயிலிலே தடுத்து நிறுத்துகின்றனர். அப்படத்தின் சுவரொட்டி பள்ளி மதிலில் ஒட்டப்படுமாயின், வாயிலில் இட்ட தடை பயனற்றதாம் அன்றோ?

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுவிடங்களின் தோற்றத்தைக் கெடுத்தலைத் தடுக்க 1959-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், ஆபாசமான விளம்பரங்களையும் விலக்குகின்றது. மகளிரை இழிவுபடக் காட்டும் விளம்பரங்களை 1986-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் தடுக்கின்றது. 2003-ஆம் ஆண்டின் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுப்பதோடு, கல்விச்சாலைகட்கு 100 கெசத்துள் அதனை விற்றலையும் விலக்கிற்று. சென்னையில் விளம்பரப் பலகைகளை உரிமத்தால் ஒழுங்குபடுத்துஞ் சட்டம் செல்லும் என 2008-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் 2019 செப்டம்பர் 12-இல், பள்ளிக்கரணையில் இசைவின்றி வைத்த பதாகை சரிந்து வீழ்ந்தமையால், வண்டியிற் சென்ற இளம்பெண்ணொருவர் லாரியில் அகப்பட்டு உயிர்துறந்தார். அதன்பின்னரே பதாகையின் தீங்கு பலர்க்கும் புலனாயிற்று. உடலுக்கு வரும் ஊறு ஒரு நாளில் வெளிப்படும். உள்ளத்திற்கு வரும் ஊறோ பல்லாண்டு கழித்து, அதன் காரணம் மறந்த பின்னர் வெளிப்படும். பின்னதை எவரும் எண்ணாமைக்கு அதுவே ஏது.

ஈண்டுச் சிலர் தடை நிகழ்த்துவர்: “கோயில் தேரிலும் கோபுரத்திலும் காம வடிவங்கள் உளவே, அவற்றையும் அகற்றுவதோ?” எனின், அற்றன்று. ஆடையின் மிகுதியும் குறைவும் ஈண்டு அளவுகோல் அல்ல. காண்பானிடத்து அவ்வடிவம் யாது வேண்டுகின்றது என்பதே அளவுகோல். கோபுரம் தன் வடிவங்களைப் புறத்தே விடுத்து அன்பனை உள்ளே கருவறைக்கு அழைக்கின்றது. பொருள் விற்றற்கு எழுந்த ஆபாசப் பலகையோ அவாவை மூட்டி, அவ்வவாவிலேயே அவனை நிறுத்தி வைக்கின்றது. இங்ஙனமே, நோய் தடுக்கும் அறிவிப்பு உடலின் உறுப்பை வெளிப்படப் பேசினும் இழுக்கன்று. அது காக்க எழுந்ததாகலின்.

“பெற்றோரே பிள்ளையைத் திருத்துக, ஊர்க்கு என் கடன்?” என்பாரும் உளர். குழந்தையின் நடை தாயின் கையிலுள்ளது மெய்யே. வழியிலுள்ள முள்ளை அகற்றுதல் அவ்வழியை ஆள்வார் கடன். ஆயினும் ஆள்வார் தம் மனம்போனவாறு விலக்குவாராயின், மெய்யுரைக்கும் பலகையும் ஒருநாள் வீழ்த்தப்படும். ஆதலின் விலக்கத்தக்கன இவை என முன்னரே தெளிவாக அறிவித்தலும், உரிமம் வழங்குமுன் படத்தை நோக்குதலும், பள்ளிகட்கு அருகே பெரிதும் விழிப்பாயிருத்தலும் மாநகராட்சிக்கு முறையாம்.

பலகைக்கு இடம் விடும் மனையுடையார் பலரும் திருநீறணிந்த அன்பராதல் கூடும். வரும் வாடகையை எண்ணுமுன், தம் மாடியின்மேல் நிற்கும் படத்தைத் தம் பெயர்த்தியோடு நின்று ஒருகால் நோக்குவாராக. அவள் முன் நாணி முகந்திருப்ப நேரின், அப்படம் பிறர் மக்கட்கும் ஆகாது எனத் துணிதல் அவர்க்கு எளிதாம். அத்துணிவே சிவபுண்ணியத்தின் பாற்படும்.