எட்டாவது காரணம்

ஊசி ஏற்றும்போது "வலிக்குது" என்பவர்களைவிட, "போன பொறப்புல என்ன பாவம் செஞ்சேனோ தம்பி" என்பவர்கள்தான் அதிகம். மாத்தளை டவுனில் ஒரு லேப்புக்காக வீடு வீடாகப் போய் இரத்தம் எடுக்கிறவன் நான். ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ என்று விடியுமுன் கிளம்பவேண்டும். சீனி வருத்தக்காரர்கள் எட்டு மணித்தியாலமாவது வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள்.

சாம்பல் மூடிக் குழாய் அன்றைய சீனிக்கு. அதில் ஃபுளோரைட் இருக்கும். இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே அணுக்கள் சீனியைத் தின்று, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைத்துவிடும். ஊதா மூடி, கடந்த சில மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சிக்கு. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். ஒட்டிய சீனியைச் சாகும்வரை சுமந்து திரியும். மாசிமகத்துக்குக் காப்புக் கட்டினவர் மாதிரி மூன்று நாள் மட்டும் வாயைக் கட்டிவிட்டுக் கை நீட்டுபவர்கள் உண்டு. சாம்பல் மூடி ஏமாறலாம், ஊதா ஏமாறாது. ஆனாலும் சித்திரகுப்தனைவிட அது இரக்கமுள்ளது. நாலு மாதத்தில் பழைய கணக்கு அணுவோடு அழிந்துபோகும்.

சைவ வகுப்பில் வினை மூன்று என்று படித்தோம்: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், புதிதாகச் சேர்க்கும் ஆகாமியம். அப்பா வழியில் வந்த சீனியைப் பிராரத்தம் என்று வைத்துக்கொண்டாலும், இன்று பிளேன்டீயில் போடும் சீனி ஆகாமியம்தான். ஆட்களிடம் இப்படிச் சொல்வது சுலபம்.

அலுவிகாரையில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் வேறு மாதிரிச் சொன்னார். மனிதன் படுவதெல்லாம் பழைய வினையால்தானா என்று மோலிய சீவகன் என்ற பரதேசி புத்தரிடம் கேட்டானாம். பித்தம், கபம், வாதம், அவை மூன்றும் கூடுவது, பருவமாற்றம், உடம்பை முறைகெட்டுப் பேணுவது, திடீர் அடி என்று ஏழு காரணங்களைச் சொல்லிவிட்டு, எட்டாவதாகத்தான் வினைப்பயனைச் சொன்னாராம் புத்தர். எல்லாமே வினை என்பவர்கள் கண்ணால் காண்பதையும் மீறிப் பேசுகிறார்கள் என்றும் சொன்னாராம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் ஏறியது அந்த ஊர்க் குகைகளில்தான் என்பதால் ஆசிரியருக்கு இதில் தனிப் பெருமை. போயாவில் சில் என்னும் விரதம் எடுத்தால் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடமாட்டார். அந்தியில் கிலன்பச பானத்தோடு கடிக்கும் கித்துள் கருப்பட்டியை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

எனக்கு எட்டும் போதவில்லை. எல்கடுவப் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கும் ஒரு பெரியம்மாவுக்குக் காலையில் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும்தான். வயிறு நிறைந்து மலையேறிக் கொழுந்தெடுக்க அதைவிட மலிவாக ஒன்றுமில்லை. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் வாரிசு அவர். அந்த ரொட்டியை ஆகாமியம் என்று அவர் தலையில் கட்ட எனக்கு மனம் வராது. ஆறாவது காரணத்தில் சேர்க்கலாம் என்றால், முறைகெட்டுப் பேணியது அவரா, சம்பளத்தை நிர்ணயிக்கிறவர்களா? சீவகன் தோட்டத்துப் பக்கம் வந்திருந்தால் இதையும் கேட்டிருப்பான்.

இதை ஒருநாள் பெரியம்மாவிடமே சொன்னேன். பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி கேட்டுவிட்டு, பாவம் என்றே இருக்கட்டும் என்றார். பாவத்துக்கு முத்துமாரியிடம் நேர்ந்துகொள்ளலாமாம்; சம்பளத்துக்கும் நேர்ந்து பார்த்தாயிற்றாம்.