வேடிக்கை பார்த்த கடன்

தமிழில் ‘வேடிக்கை’ என்ற சொல்லின் நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. திருவிழாவுக்குப் போய் வேடிக்கை பார்த்தோம் என்றால் அது சந்தோஷம். வேலை நேரத்தில் “அங்க என்னடா வேடிக்கை?” என்றால் திட்டு. ஒருவர் அடிபட்டுக் கிடக்க, சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. மூன்று இடத்திலும் நடந்தது ஒன்றுதான். யாரோ நின்று பார்த்தார்கள். அந்தப் பார்வை எந்த இடத்தில் இன்பமாக இருக்கிறது, எந்த இடத்தில் தவறாக மாறுகிறது?

நம் தலைமுறை அதிகம் செய்கிற காரியங்களில் ஒன்று இந்த வேடிக்கை. வாரம் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்தவர்கள் சனி, ஞாயிறு வந்தால் வெளியே கிளம்புகிறோம். ஒன்று, மலைக்குப் போய் நடக்கிறோம். இல்லையென்றால் மேட்ச் பார்க்க மைதானத்துக்குப் போகிறோம். இரண்டில் நடப்பதற்குத்தான் மதிப்பு அதிகம். மலையில் நடப்பவன் இயற்கையோடு இருக்கிறான், மைதானத்தில் கத்துகிறவன் பொழுதைப் போக்குகிறான் என்று ஒரு எண்ணம். எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. மேட்ச் பார்க்கிறவன் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை மலையில் நடக்கிற நாம் இன்னும் கற்கவில்லை.

கொல்லிமலையை எடுத்துக்கொள்ளலாம். நாமக்கல் பக்கமிருந்து காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சோளக்காடு, செம்மேடு. அங்கிருந்து உள்ளே போகப் போக ஊர்ப் பெயர்களோடு ‘நாடு’ ஒட்டிக்கொள்கிறது. வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு, திருப்புளி நாடு, எடப்புளி நாடு. இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களின் பழைய பிரிவுகள் இவை. இன்றைக்கு ஊராட்சிகளின் பெயராகவும் இவையே இருக்கின்றன. நமக்கு நாடு என்றால் இந்தியா, அதிகம் போனால் தமிழ்நாடு. இங்கே ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டினால் இன்னொரு நாடு. அந்தப் பெயர் சும்மா வைத்ததில்லை. நீங்கள் இப்போது வேறொருவருடைய நாட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அது சொல்கிறது. கடவுச்சீட்டு கேட்க ஆள் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

எடப்புளி நாடு மாதிரி ஓர் இடத்தில் நடக்கிறவன் கண்ணில் என்ன படும்? சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. அதன் நிழலில் காப்பிச் செடி. சரிவில் மரவள்ளி, எங்கோ ஒரு துண்டு நிலத்தில் சாமை. நமக்கு இதெல்லாம் சேர்ந்து ஒரே சொல்: ‘வியூ’. அந்த நிலத்துக்காரருக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. சாமையும் தினையும் இருந்த சரிவுகளில் மரவள்ளி ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் லாரி, சேகோ ஆலை, விலை, உரல் இடிக்கும் பெண்களின் உழைப்பு என்று ஒரு நீண்ட கதை உண்டு. பாதையும் அப்படித்தான். நாம் நடைபோடும் ஒற்றையடிப் பாதையில் எதிரே ஒருவர் விறகோ பலாப்பழமோ சுமந்து வருவார். “எங்க கண்ணு போறீங்க?” என்று கேட்பார். “சும்மா, அப்படியே நடந்துட்டு வரலாம்னு” என்போம். “சும்மாவா?” என்று திரும்பக் கேட்டால், அதில் கேலி கொஞ்சம்தான் இருக்கும், நிஜமான ஆச்சரியம் அதிகம். சுமை இல்லாமல், தேவை இல்லாமல் ஏறி இறங்குவது அந்த மலைக்குப் புதுப் பழக்கம்.

சும்மா நடப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. சும்மா இருப்பதைப் பெரிய பேறாகச் சொன்ன மரபு நம்முடையது. ஆனால் நம்முடைய ‘சும்மா’வுக்குள் நிறைய எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. கோடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஆகாய கங்கைக்குப் போகிறோம். அருவியில் தண்ணீர் இல்லை. மழைக்காலத்தில் போகிறோம். வெள்ளம், குளிக்கத் தடை. இன்னொரு நாள் மூடுபனி, பக்கத்தில் நிற்கிறவன் முகமே தெரியவில்லை. திரும்பி வந்ததும் போனை எடுத்து அருவிக்கு ஒரு ஸ்டார் போடுகிறோம். “ஒண்ணும் இல்ல, வேஸ்ட்.” ஓர் அருவி நம்மை ஏமாற்றிவிட்டதாக நாம் உண்மையிலேயே கோபப்படுகிறோம்.

மைதானத்தில் இந்தக் கோபத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

*

வேடிக்கை பார்ப்பதற்கு எதிரான பழைய சாட்சி அகஸ்டினின் ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலில் இருக்கிறது. அலிப்பியஸ் என்ற அவருடைய நண்பர் ரோமுக்குச் சட்டம் படிக்கப் போனவர். வாள்வீரர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும் காட்சியை வெறுத்தவர். நண்பர்கள் வலுக்கட்டாயமாக இழுத்துப் போகிறார்கள். உடம்பை மட்டும்தான் நீங்கள் அங்கே உட்காரவைக்க முடியும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். காதை மூட மறந்துவிட்டார். கூட்டத்தின் இரைச்சல் எழுகிறது, கண் திறக்கிறது, அதன் பிறகு அவரால் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. மறுபடி தானே போகிறார், மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு. கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கிறவன் தன்னை இழக்கிறான் என்பது இந்தக் கதையின் எச்சரிக்கை.

அது எப்போதும் உண்மையா? 1999 ஜனவரி 31, சென்னை சேப்பாக்கம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் டெஸ்ட். இந்தத் தொடர் நடக்கக் கூடாது என்று டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். இந்தியாவுக்கு இலக்கு 271. 82 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிறகு டெண்டுல்கர் முதுகுவலியோடு நின்று 136 அடித்தார். அவர் ஆட்டமிழந்தபோது தேவை 17 ரன், கையில் 3 விக்கெட். மூன்றும் 4 ரன்னுக்குள் போயின. 12 ரன்னில் தோல்வி. அப்போது சேப்பாக்கத்துக் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. அந்த அணி மைதானத்தைச் சுற்றி வந்தது, கைதட்டலும் கூடவே வந்தது.

அடுத்த மாதமே அதே இரண்டு அணிகள் கொல்கத்தா ஈடன் கார்டனில் ஆடின. டெண்டுல்கர் ஓடும்போது ஷோயப் அக்தர் மீது மோதி ரன் அவுட் ஆனார். கூட்டம் கொதித்தது, பொருள்கள் மைதானத்துக்குள் பறந்தன. கடைசி நாளில் மறுபடியும் கலவரம். பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு, காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆட்டத்தை முடித்தார்கள். பாகிஸ்தான் 46 ரன்னில் வென்றது.

சென்னைக்காரர்கள் நல்லவர்கள், கொல்கத்தாக்காரர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சேப்பாக்கத்திலும் நடுவர் முடிவு ஒன்று வேறு மாதிரி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் இரண்டு விதமான பார்வை என்ன என்பதை அந்த இரண்டு நாள்களும் காட்டிவிட்டன. ஒரு பார்வை, இந்த ஆட்டம் எனக்குக் கடன்பட்டிருக்கிறது, என் ஆள் ஜெயிக்க வேண்டும் என்கிறது. இன்னொன்று, நான் ஆசைப்படலாம், ஆனால் முடிவு என்னுடையது இல்லை என்று ஒப்புக்கொள்கிறது. டிக்கெட் வாங்கும்போதே நாம் வாங்குவது அதைத்தான், தோற்பதற்கான உரிமையை. அது இல்லாவிட்டால் மேட்ச் வெறும் நாடகம். ஆசையை முழுசாக வைத்துக்கொண்டே முடிவை விட்டுக்கொடுப்பது எளிய காரியம் இல்லை. துறவிக்கு ஆசையே இல்லை, அதனால் அவருக்குச் சுலபம். சேப்பாக்கத்து ரசிகன் அழுதுகொண்டே கை தட்டினான்.

மலையில் நமக்கு இல்லாத பாடம் இதுதான். நடக்கப் போகிறவனிடம் தோற்கத் தயாரா என்று யாரும் கேட்பதில்லை. மூடுபனியும் வறண்ட அருவியும் மலை ஆடிய ஆட்டத்தின் முடிவுகள் என்று நாம் நினைப்பதில்லை. சரக்கு சரியாக வந்து சேரவில்லை என்று நினைக்கிறோம். நல்ல ரசிகனாகப் போனால் நல்ல நடையாளனாகத் திரும்பலாம்.

*

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மைதானத்தில் இறங்குகிறவன் தன்னைப் பலர் பார்ப்பார்கள் என்று தெரிந்து, சம்மதித்து இறங்குகிறான். எடப்புளி நாட்டில் விறகு சுமந்து வருகிறவர் யாருக்கும் ஆடிக்காட்ட வரவில்லை. அவர் வீட்டுத் திண்ணை கேலரிக்கு எதிரே இருக்கும் மேடை இல்லை. நம் போட்டோவில் அவர் ‘கிராமத்து முகம்’ ஆகும்போது, சம்மதிக்காத ஒருவரை ஆட்டக்காரராக மாற்றிவிடுகிறோம். ஜல்லிக்கட்டு வழக்கு 2014 முதல் 2023 வரை உச்ச நீதிமன்றத்தில் இழுபட்டதற்கும் அடியில் இந்த மாதிரி ஒரு கேள்வி உண்டு. சம்மதம் சொல்ல முடியாத ஓர் உயிரை வைத்து ஆட்டம் நடத்தலாமா? சட்டம் அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டது. மலைக்கிராமத்து மனிதருக்குச் சம்மதம் சொல்லவும் மறுக்கவும் வாய் இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

நடக்கும் உரிமையைப் பற்றி உலகம் கொண்டாடும் கதைகளும் இங்கே அப்படியே பொருந்தாது. 1932இல் இங்கிலாந்தில், மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் அத்துமீறி நடந்தார்கள். பணக்காரர்கள் பறவை வேட்டைக்காகப் பூட்டிவைத்த நிலம் அது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அங்கே நடந்தவன் ஏழை, நிலம் பணக்காரனுடையது. கொல்லிமலையில் வார இறுதிக்கு வருகிறவன் கையில்தான் பணம் இருக்கிறது. நடப்பது என் உரிமை என்ற வாக்கியம் ஆளைப் பொறுத்து அர்த்தம் மாறும்.

இன்னொன்றும் இருக்கிறது. மலைக்கு பவுண்டரி கயிறு கிடையாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிவர மேலே ஏறியவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். அதுவரை பயணிகளின் படங்களில் பின்னணியாக இருந்தவர்கள், ஒரு சாயங்காலத்தில் நம் உயிருக்குப் பொறுப்பானவர்களாக மாறினார்கள். அவர்கள் நின்று வேடிக்கை பார்க்கவில்லை.

*

கொல்லிமலையில் நடந்துபோய், ஒரு வித்தையைக் கண்டு, அதைப் பதிவும் செய்த கூட்டம் ஒன்று சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாடல், வன்பரணர் பாடியது. பாணர்களும் விறலியரும் காட்டு வழியே போகிறார்கள். ஒரு வேடன் அம்பு விடுகிறான். அது யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இவ்வளவு நம்ப வேண்டுமா என்பது வேறு விஷயம். நான் கவனிப்பது அடுத்து நடப்பதை. பார்த்தவர்கள் கடந்து போகவில்லை. சுமந்து வந்த முழவையும் யாழையும் ஆகுளியையும் பதலையையும் எடுத்துப் பாடுகிறார்கள். பாடி முடித்ததும் ‘கோ’ என்று அழைக்கிறார்கள். அந்த வேடனே வல்வில் ஓரி. தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணுகிறான். பிறகு தான் வேட்டையாடிய மானின் ஊனையும் மதுவையும், தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் கொடுக்கிறான்.

இங்கே வேடிக்கை பார்த்தல் ஒருவழிப் பாதையாக இல்லை. பார்த்தவர்கள் தங்களிடம் இருந்ததில் சிறந்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். பார்க்கப்பட்டவனும் அவர்களைப் பார்த்தான். கண்டதற்கு ஒரு கடன் உண்டு என்று இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது. வேடிக்கை எப்போது தவறாகிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: நாம் பார்த்துவிட்டு, நம்மை யாரும் பார்க்காமல், எதற்கும் பொறுப்பேற்காமல் நழுவிவிட முடியும் என்று நினைக்கிற இடத்தில்.

அன்றைய கணக்கு இன்றைக்கு அப்படியே செல்லாது. அன்று நடந்து வந்த பாணன் ஏழை, மலைக்காரன் வள்ளல். இன்று பொன் கொடுக்க அங்கே ஓரி இல்லை. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. போய்ப் பார்க்கலாம், பார்க்க வேண்டிய போட்டிதான். ஆனால் இப்போது கொடுக்கும் நிலையில் இருப்பது நாம். நம்மிடம் யாழ் இல்லை. கொடுக்கக்கூடியவை எல்லாம் சின்ன விஷயங்கள். சோளக்காட்டுச் சந்தையில் மிளகுக்கும் பலாவுக்கும் சொன்ன விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சண்டை போடாமல் இருப்பது. கேட்டுவிட்டுப் படம் எடுப்பது, “வேணாம்பா” என்றால் முகம் சுளிக்காமல் போனை உள்ளே வைப்பது. கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருவது. அருவியில் தண்ணீர் இல்லாவிட்டால், இன்றைக்கு மலை ஜெயித்தது என்று படியேறுவது.

எதிரே வருகிறவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், ‘சும்மா’ என்று சொல்லிக் கடந்துவிடாமல் நிற்கலாம். எந்த ஊர், என்ன வேலை, ஏன் வந்தோம் என்று அவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லலாம். அவருக்கும் கொஞ்சம் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும், நம்மை.