கைவினை என்றால் யாருடைய கை?

செல்போனில் பொருள் வாங்கிப் பழகியவர்களுக்கு இரண்டு சொற்கள் நன்றாகத் தெரியும். ஒன்று 'ஹேண்ட்மேட்'. இன்னொன்று 'வின்டேஜ்'. கையால் செய்தது, பழசு. பாசிமாலை, கறுத்த காதணி, மூங்கில் கைப்பை, ரேந்தை வைத்த காலர், பித்தளைக் காப்பு என்று எதைத் தேடினாலும் இந்த இரண்டில் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒட்டியிருந்தால் விலையும் ஏறியிருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எட்சி என்ற இணையச் சந்தை, குறைந்தது 20 வருடம் ஆன பொருளைத்தான் வின்டேஜ் என்று விற்கலாம் என்று விதி வைத்திருக்கிறது. எங்க வீட்டுல 20 வருசம் தாண்டி நின்ன சாமான்னு பார்த்தா அம்மிக்கல்லும் அம்மையும்தான்.

வளையலிலும் மாலையிலும் என்ன அரசியல் என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். நிலம், கூலி, கொலை என்று எவ்வளவோ கிடக்கையில் இதுவா பேச்சு என்றும் கேட்கலாம். ஆனால் இந்த மண்ணில் சாதி காகிதத்தில் எழுதப்படுவதற்கு முன்னால் உடம்பின் மேல்தான் எழுதப்பட்டது. சண்டாளருக்கு மனு விதித்ததைப் பாருங்கள். செத்தவர் துணிதான் அவர்கள் உடுத்த வேண்டியது, இரும்புதான் அவர்கள் நகை, உடைந்த கலத்தில்தான் சோறு. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கரும் தோழர்களும் கொளுத்தியது இந்தச் சட்டத்தையும் சேர்த்துத்தான். மனுவின் இந்தப் பட்டியலை இன்றைய இணையச் சந்தையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றுகிறது. அடுத்தவர் உடுத்துக் களைந்த துணிக்கு இப்போது ரசனை என்று பெயர். கறுப்பேற்றிய உலோக நகைக்கு 'ஆக்சிடைஸ்டு' என்று பெயர், கல்லூரிப் பிள்ளைகள் தேடித்தேடி வாங்குகிறார்கள். நசுங்கிய பித்தளைத் தட்டு சுவரில் தொங்குகிறது. மனு தண்டனையாக விதித்தது மூன்றும் இன்று நாகரிகம்.

இதில் சிரிக்கவும் இடமிருக்கிறது, யோசிக்கவும் இடமிருக்கிறது. ஒரு பொருளை அவமானமாக்குவதும் அழகாக்குவதும் அந்தப் பொருளின் குணமல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவன் கழுத்தில் கிடந்தால் அடையாளம். வேண்டாம் என்று சொல்ல முடிந்தவன் கழுத்தில் கிடந்தால் அலங்காரம். பாசி இரண்டிடத்திலும் ஒரே பாசிதான்.

நாஞ்சில் நாடு 1949 வரை திருவிதாங்கூரில் இருந்தது. அந்த ராஜ்யத்தில் யார் பொன் போடலாம், யார் வெள்ளி போடலாம், யார் இடுப்புக்கு மேல் துணி போடலாம் என்பதெல்லாம் அரசு விவகாரம். புலையர் பெண்களுக்கு விதித்திருந்தது கல்லுமாலை. கல்லும் கண்ணாடிப் பாசியும் கோர்த்துக் கழுத்தில் கொத்தாகத் தொங்கும். தூரத்தில் வருகிறவள் யார் என்று பார்த்ததும் தெரிந்துகொண்டு விலகுவதற்கும் விலக்குவதற்கும் அது வசதி. 1915இல் அய்யன்காளியின் இயக்கம் அந்த மாலையை அறுக்கச் சொன்னது. அக்டோபரில் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் கூடிய கூட்டம் கலவரத்தில் முடிந்தது, குடிசைகள் எரிந்தன. டிசம்பரில் கொல்லம் மைதானத்தில் சங்ஙனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமையில் மறுபடியும் கூடினார்கள். பெண்கள் மேடைக்கு வந்து, வயலில் கதிர் அறுக்கிற அதே அரிவாளால் கழுத்துமாலையை அறுத்துப் போட்டார்கள். பாசி குவியலாகக் கிடந்தது என்று சொல்கிறார்கள்.

அந்தக் குவியல் பிறகு என்ன ஆயிற்று? யாராவது அள்ளினார்களா, மண்ணில் புதைந்ததா? அதில் ஒரு மாலை இன்று கிடைத்தால் 'அரிய பழங்கால இந்தியக் கழுத்தணி' என்று எத்தனை டாலருக்கு விலைபோகும்! வாங்குகிறவருக்கு அதன் அழகு மட்டும் போய்ச் சேரும். அரிவாள் போய்ச் சேராது.

அதற்காக வாங்குகிறவள் குற்றவாளி என்று தீர்ப்பெழுத எனக்கு மனமில்லை. காரணம், வாங்குகிறவள் நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கிறாள். நாகர்கோவில் கல்லூரிக்குப் போகிற எங்கள் தெருப் பிள்ளைகள் முந்நூறு ரூபாய்க்குக் கறுப்புக் காதணி வருவித்துப் போட்டுக்கொள்கிறார்கள். "இதுக்காடி மாலைய அறுத்தோம்?" என்று அவர்களிடம் கேட்பதில் நியாயமில்லை. கழற்ற உரிமை உண்டென்றால் விரும்பி மாட்டிக்கொள்ளவும் உரிமை உண்டு. எதை மாட்டக் கூடாது என்று பெண்ணின் கழுத்துக்குப் புதுச் சட்டம் போடுகிற வேலையை, பழைய சட்டம் போட்டவர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொள்ள வேண்டாம். என் வருத்தம் அணிவதில் இல்லை, விற்பனையில் இருக்கிறது.

பழசு என்ற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். பண்ணையார் வீட்டுப் பழந்துணி நம் பாட்டிமாருக்குக் கூலியின் ஒரு பங்கு. பொங்கலுக்குக் கிழிசல் வேட்டி, பேறுகாலத்துக்குப் பழஞ்சேலை. பிந்திய சோற்றுக்கும் பழையது என்றுதான் பெயர். எங்க பாட்டி முதல் முதலாக மடிப்புக் கலையாத புதுச்சேலை உடுத்தது தன் மகன் வாங்கிக் கொடுத்தபோது. அந்தக் கஞ்சி மொடமொடப்பை ரெண்டு மூணு தடவை துவைச்சும் போகவிடாமல் பார்த்துக்கொண்டாள். அவளிடம் போய், அடுத்தவர் உடுத்த பழந்துணிக்குப் புதுத்துணியைவிட விலை அதிகம் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டாள். பழசின் மேல் ஆசை வருவதற்குப் பழசு கட்டாயமாக இல்லாத ஒரு பரம்பரை வேண்டியிருக்கிறது. அம்பேத்கர் கோட்டும் சூட்டும் போட்டதை இன்றும் கிண்டல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எளிமை என்பது யாருக்கு விரதம், யாருக்கு விதி என்று அவர்கள் யோசித்ததில்லை.

இனிக் 'கை'க்கு வருவோம். நம்ம மாவட்டத்தில் கைவேலையின் கதை ரேந்தையில்லாமல் ஓடாது. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூர் போய் மதம் மாறித் திரும்பினார். அவர் அழைப்பில் 1806இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்தார். அங்கிருந்துதான் இங்கே லண்டன் மிஷனின் வரலாறு தொடங்குகிறது (மிஷன் வரலாறு சொல்கிற பலர் வேதமாணிக்கத்தின் சாதியை மென்று விழுங்கிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார்கள்). 1819இல் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணை மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை முன்னும் பின்னும் மாற்றிப்போட்டு மயிரிழை மயிரிழையாகப் பின்னுகிற வேலை. கண்ணைக் குடிக்கிற வேலை. பின்னியது வெள்ளைக்கார சீமாட்டிகளுக்குப் போயிற்று. வந்த லாபத்தில் பள்ளிக்கூடங்கள் நடந்தன.

திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்து அடிமைப் பெண்பிள்ளைகள் சிலர் தங்களை மீட்டுக்கொண்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிடம் மேலே ஓடாது. சட்டைக் கையின் ஓரத்தில் வைத்துத் தைக்கிற இரண்டு விரல்கடை ரேந்தை. எங்கோ ஒரு சீமாட்டிக்கு அது ஆடம்பரம். இங்கே ஒருத்திக்கு அது அவளுடைய சொந்த உடம்பின் விலை. ஒரே பொருள் இரண்டு நுனியிலும் இவ்வளவு வேறாக இருக்க முடியுமா? அதே காலத்தில்தான் தோளில் சீலை போட்டதற்காக இங்கே பெண்கள் சந்தையில் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26இன் அரச அறிவிப்புகூட சாணார் பெண்களுக்குத்தான் அனுமதி தந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. பறையர், புலையர் பெண்கள் அந்த அறிவிப்பில் இல்லை. மேலாடைக்கு ரேந்தை பின்னிய கைகளில், மேலாடைக்கு உரிமையில்லாத கைகளும் இருந்தன.

ஆகவே, கைவேலை நம்மை விடுவித்ததே இல்லை என்று சொல்ல முடியாது. விடுவித்திருக்கிறது, சிலரை. எதனால் விடுவித்தது என்பதுதான் கேள்வி. சாதி விதித்த வேலையை விட்டு வேறொரு வேலைக்குக் கை போனதால், அந்த வேலைக்குக் காசு கையில் கிடைத்ததால். கை செய்தது என்ற புனிதத்தால் அல்ல. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாகப் பிரிக்கிறது என்று 1936இலேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். காந்தியம் இயந்திரத்தை வெறுத்ததை 1945இல் அவர் கடுமையாக விமர்சித்தார். ஓய்வு இல்லாத மனிதனுக்குப் பண்பாடு ஏது, இயந்திரம் இல்லாமல் ஓய்வு ஏது என்பது அவர் வாதம். நாளெல்லாம் முடைகிறவளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 'இயந்திரம் தொடாதது' என்று விற்பனை வரியில் பெருமையாகப் போடுகிறார்களே, அதன் பொருள் அவளுக்கு முதுகுவலி.

எங்கள் பக்கத்தில் சாம்பவர்கள் ஈற்றையிலும் மூங்கிலிலும் கூடை, சொளவு முடைவார்கள். எங்க பெரியம்மை வடசேரி சந்தைக்குக் கொண்டுபோய் விற்றவள். சொளவு வாங்குகிற வீட்டுக்காரி காசைத் தரையில் வைப்பாள். சொளவை வாசலில் வைத்துத் தண்ணி தெளித்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பாள். அதற்குப் பிறகு அந்தச் சொளவில் புடைத்த அரிசிதான் அவர்கள் சாமிக்கும் படையலாகும். பெரியம்மை சொல்லுவா: "மக்கா, அவியளுக்கு சொளவு வேணும், சொளவு முடைஞ்ச கையி வேண்டாம்." கைவினைப் பொருள் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

இப்போது பெரியம்மையின் பேத்தி, பட்டம் படித்தவள், அதே கூடையைச் சின்னதாக்கி, உள்ளே துணி வைத்துத் தைத்து, தோள்வார் மாட்டிக் கைப்பையாக விற்கிறாள். செல்போனில் படம் போடுகிறாள். பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் கேட்கிறார்கள். முதலில் டவுனில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினாளாம். பையைப் புரட்டிப் பார்த்த பெண்மணி விலையைக் கேட்பதற்கு முன் கேட்டது: "எந்த ஊரு பிள்ளே? நீங்க என்ன ஆளு?" ஊரைச் சொன்னாள். ஊரே சாதியைச் சொல்லிவிட்டது. "பொறவு சொல்லுதேன்" என்று பை திரும்பி வந்தது. "போன் கேக்காது சித்தப்பா, அவன் கேக்கது அட்ரஸும் பின்கோடும்தான்" என்கிறாள். தரையில் வைக்கிற காசு இல்லை, நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. தண்ணி தெளித்தானோ இல்லையோ, அது அவன் வீட்டு வாசலோடு போயிற்று.

முகம் தெரியாத வியாபாரத்தை முதலாளித்துவத்தின் அந்நியமாதல் என்று நம் தோழர்கள் சுலபமாகத் திட்டிவிடுகிறார்கள். முகம் தெரிந்த வியாபாரம் நமக்கு என்ன தந்தது என்று அவர்கள் பெரியம்மையிடம் கேட்டிருக்க வேண்டும். செய்தவர் முகம் தெரியாமலிருப்பது சிலருக்கு இழப்பு. நமக்குப் பல நேரம் அது மூச்சுவிட ஒரு இடம்.

ஆனால் அந்த மறைப்பிலேயே ஒரு திருட்டும் நடக்கிறது. அவளிடம் மொத்தமாக வாங்க ஒரு வியாபாரி வந்தார். முந்நூறுக்கு எடுத்து இரண்டாயிரத்துக்கு விற்பது அவர் கணக்கு. அது எல்லா வியாபாரியும் போடுகிற கணக்குதான். அவர் தயாரித்து வைத்திருந்த அட்டையில் இருந்த வாசகம்தான் உறுத்தியது: தலைமுறை தலைமுறையாகக் காட்டின் மடியில் வாழும் பழங்குடிகளின் கைவண்ணமாம்! அவள் பாட்டி வாழ்ந்தது காட்டிலல்ல, பண்ணையார் வயல் வரப்பில். சேரிக்கு விலை கிடையாது, காட்டுக்கு உண்டு. அதனால் சேரியை அழித்துவிட்டுக் காட்டை வரைகிறார்கள். வடசேரியில் விஸ்வகர்மா கைகள் செய்கிற கோயில் நகைக்கு நாகர்கோவில் பெயரோடு புவிசார் குறியீடு இருக்கிறது, நடனமாடுகிற உலகமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி வாங்குகிறது. அது நல்லதே. அதே வடசேரி சந்தையில் விற்ற கூடைக்குப் பெயர் வேண்டுமென்றால் பொய்ப்பெயர்தான் கிடைக்கிறது.

2025 ஜூனில் மிலான் நகரத்து அலங்கார அணிவகுப்பில் பிராடா நிறுவனம் தோல் செருப்பு ஒன்றைக் காட்டியது. பார்த்தவுடன் அது கோலாப்பூர்ச் செருப்பு என்று தெரிந்தது, ஆனால் அந்தப் பெயர் அங்கே இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில் மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு, 2,000 ஜோடி, ஒன்று ஏறத்தாழ 800 யூரோ என்று அறிவித்தார்கள். பத்திரிகைகளெல்லாம் 'இந்தியாவின் பாரம்பரியத்தைத் திருடிவிட்டான்' என்று கொதித்தன. தோலைத் தொட்டதற்காகவே தீண்டப்படாதவரானவர்களின் பாரம்பரியம், வெள்ளைக்காரன் எடுத்ததும் எப்படி ஒரே நாளில் எல்லோருடைய பாரம்பரியமாயிற்று? மும்பையில் சுதீர் ராஜ்பர் இதற்கு நேர் எதிராக ஒன்று செய்தார். தாராவித் தொழிலாளிகளோடு சேர்ந்து, கழிவு ரப்பரில் பைகள் செய்து, தன் நிறுவனத்துக்கு 'சமார் ஸ்டுடியோ' என்றே பெயர் வைத்தார். வசவாகப் புழங்கிய சாதிப்பெயர் விலையுயர்ந்த பையின் மேல் வந்து உட்கார்ந்தது. வாங்குகிறவர் அந்தப் பெயரை வாயால் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. இருந்தாலும் அதை எல்லோருக்கும் விதியாக்க முடியுமா என்று தெரியவில்லை. மும்பையில், மேல்தட்டுக் கூடத்தில் ஒரு கலைஞர் துணிந்து செய்வது ஒன்று. மாதம் பத்துப் பை விற்று வீட்டுக்கு அரிசி வாங்குகிற பிள்ளையிடம், உன் சாதியை அட்டையில் எழுது, அதுதான் போராட்டம் என்று நான் மேடையிலிருந்து சொல்வது இன்னொன்று. அவள் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவளுக்குப் பதிலாக வேறொருவன் பொய்ப்பெயர் வைக்காமலிருப்பது வாங்குகிறவருடைய பொறுப்பும் வியாபாரியுடைய பொறுப்பும். யார் செய்தது, அவருக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்காமல் 'கையால் செய்தது' என்பதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறவர், அந்தக் கூடுதலை எந்தக் கையில் கொடுக்கிறார்?

வியாபாரியை அவள் அனுப்பிவிட்டாள். அட்டை தானே அச்சடித்திருக்கிறாள். அதில் ஊர்ப்பெயர் இருக்கிறது, 'ஈற்றைக் கூடை' என்று இருக்கிறது, முடைந்தவர் என்ற இடத்தில் அவள் அம்மையின் பெயர் இருக்கிறது. சாம்பவர் என்ற சொல்லை ஒரு தடவை சேர்த்து, ஒரு தடவை எடுத்து, இப்போதைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள். "என்ன செய்யட்டும் சித்தப்பா?" என்று கேட்டாள். "அம்மைட்ட கேளு" என்றேன். அவள் அம்மை ஈற்றை சீவிக்கொண்டே, "மொதல்ல வெலைய நூறு ரூவா கூட்டிப் போடு" என்றாள்.