காத்திருக்கும் பாடங்கள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள், பெரும்பாலும் பனிக்காலத்தின் கடைசியிலோ வசந்தத்தின் ஆரம்பத்திலோ, ஒவ்வொரு மாணவரும் மறுவருஷம் தாம் பயில விரும்பும் பாடங்களைக் குறித்துக் கொடுத்தாக வேண்டும். ஆங்கிலம் போன்ற கட்டாயப் பாடங்கள் போக எஞ்சியிருக்கும் சில இடங்களை எவற்றைக் கொண்டு நிரப்புவது என்பதை அநேகமாக அவர்களே நிர்ணயிக்கிறார்கள். சாஸ்திரத்தில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு இந்த நிர்ணயம் சுலபமாக இருப்பதில்லை. நியூ ஜெர்சியில் வளரும் என் தம்பியின் மகள், பௌதிகத்திலும் உயிரியலிலும் ஒரே அளவு பிரியம் கொண்டவள், பள்ளியின் வாத்தியக் குழுவில் வயலினும் வாசிப்பவள், என்னிடம், “பெரியப்பா, எதை எடுக்கறதுன்னு எனக்குத் தெரியும், எதை விடறதுன்னுதான் தெரியல” என்றாள். அந்தக் கேள்வி பதினேழு வயதுக்கு மட்டும் உரியதன்று என்று தோன்றியபடியால், அதைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன்.

அந்நாட்டுப் பள்ளிகளில் இதற்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு: ஏ.பி. என்ற பெயர் தாங்கிய பாடங்களில் எத்தனை கிடைக்குமோ அத்தனையையும் எடுத்துக்கொள் என்பது. ஆற்றலுள்ள மாணவர்கள் கல்லூரியின் முதலாண்டில் கற்பதைப் பள்ளியிலேயே கற்றுவிட்டு, அங்கே போய் அதையே மறுபடி ஓதாமல் மேலே செல்லட்டும் என்ற நல்லெண்ணத்தோடு தோன்றி, 1955ஆம் ஆண்டில் காலேஜ் போர்டு என்னும் ஸ்தாபனத்தின் பொறுப்பில் வந்த ஏற்பாடு அது. இன்றைக்கோ, கல்லூரி விண்ணப்பத்தோடு பள்ளியின் ஆலோசகர் அனுப்பும் அறிக்கையில், இம்மாணவர் எடுத்துக்கொண்ட பாடத்திட்டம் இப்பள்ளியில் கிடைப்பவற்றுள் மிகக் கடினமானதா என்று ஒரு வினா இடம்பெறுவதால், பாடத்தின் பயனைக் காட்டிலும் அதன் கடினமே பிரதானமாகிவிட்டது. ஆனால் காலக்கணக்கைச் சற்றே கவனிக்க வேண்டும். விண்ணப்பங்கள் நவம்பரிலும் ஜனவரியிலும் போய்ச் சேருகின்றன, அநேகக் கல்லூரிகள் ஏப்ரல் தொடக்கத்துக்குள் முடிவைத் தெரிவித்துவிடுகின்றன, ஏ.பி. பரீட்சைகள் நடப்பது மே மாதத்தில். ஒன்று முதல் ஐந்து வரையிலான அவற்றின் மதிப்பெண் வெளிவருவது ஜூலையில். ஆகவே கடைசி வருஷத்துப் பரீட்சையில் ஐந்து வாங்கினாலும் மூன்று வாங்கினாலும் சேர்க்கைத் தீர்மானத்தில் அதற்குப் பங்கில்லை. பாடத்தின் பெயருக்கும் அரையாண்டு வரையிலான வகுப்பு மதிப்பெண்ணுக்குமே பங்கு. பெயருக்காக ஒரு பாடத்தைச் சுமந்தவரிடம், ஏப்ரலுக்குப் பிறகு அதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எவரும் விசாரிப்பதில்லை. எனக்கு அதுவே விசாரிக்கத் தக்கதாகப் படுகிறது.

எதை விடலாம் என்பதற்கு நான் கண்ட அளவுகோல் இது: சில பாடங்கள் நமக்காகக் காத்திருக்கும், சில காத்திரா. கல்லூரியின் முதலாண்டில் எப்படியும் திரும்ப வரப்போவதும், நூலைத் துணையாகக் கொண்டு தனியே கற்கக்கூடியதும் காத்திருக்கும். பிரயோகசாலை, நல்லாசிரியர், பலர் கூடி வாசிக்கும் வாத்தியக் குழு, நாம் எழுதியதை வரிவரியாகப் படித்துத் திருத்தித் தருகிற ஒருவர் என்று பிறருடைய சந்நிதியில் மாத்திரம் கைகூடுபவை காத்திரா. ஏ.பி. உயிரியலிலும் ரசாயனத்திலும் வகுப்பு நேரத்தில் குறைந்தது காற்பங்கு செய்முறைக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று காலேஜ் போர்டு விதித்திருக்கிறது. அந்தக் காற்பங்கு மெய்யாகவே நடக்கிற வகுப்பும், பரீட்சை நெருக்கடியில் அது சுருங்கிப்போகிற வகுப்பும் பெயரளவில்தான் ஒன்று. தன் கையாலேயே கரைசலைத் தயாரித்து, எதிர்பார்த்த விளைவு வராமற்போய், ஏன் வரவில்லை என்று தோழியோடு தர்க்கித்து, மறுநாள் மீண்டும் முயன்று பார்க்கிற அனுபவம் எந்த நூலிலும் அகப்படாது.

கணிதத்தின் நிலை சற்று விசேஷமானது. எறும்புகளின் வாழ்க்கையை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற எட்வர்டு வில்சன், ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியரான பின்னர், 32ஆம் வயதில்தான் கால்குலஸ் கற்க உட்கார்ந்தார். அந்த வகுப்பில் உடன் பயின்றவர்களுள் ஓரிருவர் அவரிடமே உயிரியல் பாடம் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள். ஆகவே கணிதமும் காத்திருக்கும். ஆனால் கடன் கொடுத்தவனைப் போல வட்டியோடு காத்திருக்கும். டார்வினும் கணிதத்தின் அடிப்படைகளை அறியுமளவுக்கேனும் தாம் முயலாமற்போனதற்காகத் தம் சுயசரிதையில் வருந்தியிருக்கிறார். பௌதிகத்தை விரும்புகிற பெண் கால்குலஸை ஒத்திப்போடுவதை நான் ஒப்பமாட்டேன்.

ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் அதிகம். பௌதிக விஞ்ஞானி ரிச்சர்டு ஃபைன்மன் நியூயார்க்கின் ஃபார் ராக்கவே பள்ளியில் படித்த காலத்தில், பேடர் என்னும் பௌதிக ஆசிரியர், இவர் வகுப்பில் ஓயாது பேசுவதற்குக் காரணம் சலிப்பே என்று கண்டுகொண்டு, உயர்நிலைக் கால்குலஸ் நூல் ஒன்றைக் கையில் கொடுத்துப் பின்வரிசையில் அமர்ந்து படிக்கச் செய்தார். ஒருநாள் வகுப்புக்குப் பிறகு, பௌதிகத்தின் மீச்சிறு செயல் தத்துவத்தையும் எடுத்துச் சொன்னார். பிற்காலத்தில் ஃபைன்மனின் ஆராய்ச்சியில் மையமாக நின்றது அந்தத் தத்துவமே. எந்தப் பாடத்தின் பெயரைப் படிவத்தில் குறித்தாலும் கிட்டாத பேறு அது.

ஆகவே கால்குலஸை எடு, வயலினை விடாதே, ஆங்கில வகுப்பைக் கட்டாயத்துக்காக உட்காரும் வகுப்பாக எண்ணாதே, கல்லூரி முதலாண்டில் உன்னைச் சந்திக்கப்போகிற ஏ.பி. ரசாயனத்தை இப்போது விட்டுவிடு, அந்த நேரத்தை ஒன்றும் குறிக்காமல் வைத்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். இதனால் ஆலோசகரின் அறிக்கையில் அவளுடைய பாடத்திட்டம் ஒரு படி கீழே குறிக்கப்படலாம் என்று என் தம்பி கவலைப்பட்டான், அக்கவலை நியாயமானதே. பேர்பெற்ற ஒரு கல்லூரி அதனால் கைநழுவினாலும் நழுவலாம் என்பதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். பௌதிகமா உயிரியலா என்பது மட்டும் மிஞ்சியது. இரு ஆசிரியரிடமும் போய், “சென்ற வருஷம் உங்கள் வகுப்பில் எந்தச் செய்முறை பொய்த்துப்போயிற்று?” என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன், அதற்கு உற்சாகத்தோடு நெடுநேரம் பதில் சொல்லுகிறவரின் வகுப்பில் சேர்ந்துகொண்டு, மற்றதைக் கல்லூரிக்கு விட்டுவைக்கலாம்.